நாய், பூனை கடிக்கும் பொம்மை: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் பார்க்க வேண்டியவை

எங்கள் நாய் மணி ஒரு நாள் காலையில் தலையைச் சாய்த்துச் சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாயின் இடப்பக்கத்திலிருந்து உணவு சிந்திக்கொண்டே இருந்தது. உதட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல்தாடையில் இருக்கும் பெரிய பல்லின் வெளிப்பக்கம் கத்தியால் சீவி எடுத்தது போலக் காணாமல் போயிருந்தது. உடைந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. நரம்பும் ரத்தக்குழாயும் ஓடும் பல்லின் உயிர்ப்பகுதி அது என்று மருத்துவர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுக்க வேண்டியதாயிற்று. காரணம், நான் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த ஒரு மான்கொம்புத் துண்டு. அது எத்தனை நாள் ஆனாலும் தேயாது என்று அட்டையில் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பொம்மை தேயாமல் இருந்தால் நல்லது என்று நினைத்திருந்தேன். இரண்டு கடினமான பொருள்கள் உரசும்போது ஏதோ ஒன்று தேய்ந்தாக வேண்டும், உடைந்தாக வேண்டும். அது பொம்மையாக இருப்பதே நல்லது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு எண்ணத்தைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறேன். அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உங்கள் வீட்டில் இருக்கும் அந்த வாய், அந்தப் பல், அது கடிக்கும் விதம், இவற்றை வைத்துத்தான் பொம்மையை முடிவு செய்ய வேண்டும்.

ஏன் கடிக்கின்றன?

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. மூன்று, நான்கு மாதத்தில் அவை விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்து முடிந்துவிடும். பூனைக்குட்டிக்கு 26 பால்பற்கள். அவையும் ஆறு மாத வாக்கில் 30 நிலைப்பற்களாக மாறிவிடும். இந்தக் காலத்தில் ஈறு ஊறும், வலிக்கும். நாற்காலிக் கால், செருப்பு, உங்கள் விரல் என்று கிடைத்ததையெல்லாம் குட்டி கடிப்பது அதனால்தான். பொம்மையில் லேசாக ரத்தக் கறை தெரிந்தாலோ, அரிசி அளவில் ஒரு பல் தரையில் கிடந்தாலோ பயப்பட வேண்டாம். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நிலைப்பல் முளைத்த பிறகும் பக்கத்திலேயே பால்பல் விழாமல் நின்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வளர்ந்த நாய் கடிப்பதற்கு ஈறு காரணமில்லை. அதற்கு அது வேலை, பொழுதுபோக்கு, மனதை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. நாள் முழுக்கத் தனியாக இருக்கும் நாய் சோபாவைக் கிழித்தால் அதற்குக் கடிக்க வேறொன்று கிடைக்கவில்லை என்று பொருள். பொருத்தமான பொம்மை இல்லாவிட்டால் கல்லைக்கூடக் கடிக்கும். இன்று உலகம் முழுக்க விற்கும் காங் என்ற ரப்பர் பொம்மை பிறந்த கதையே அதுதான். 1970-களில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்டு கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. வேன் ஒன்றைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ஒரு ரப்பர் பாகத்தை அது ஆசையாகக் கவ்விக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பொம்மை செய்யும் யோசனை வந்தது. கல்லை விட ரப்பர் மேல் என்று அந்த நாயே காட்டிக்கொடுத்தது.

படி 1: ஒரு வாரம் கடிப்பதைக் கவனியுங்கள்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. இதைச் செய்யாமல் வாங்கும் பொம்மைகளில் பாதி வீணாகும்.

சில நாய்கள் பொம்மையை முன்கால்களுக்கு நடுவில் வைத்து நக்கும், முன்பல்லால் மெல்லக் கொறிக்கும். ஒரு துணிப் பொம்மையை மாதக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கும். இவற்றுக்குப் பெரும்பாலான பொம்மைகள் ஒத்துவரும். இன்னும் சில, பொம்மையைக் கடைவாய்க்குத் தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் விடாமல் அரைக்கும். இவற்றுக்குத் தடித்த, ஆனால் வளையக்கூடிய ரப்பர் வேண்டும். மூன்றாவது ரகம் பிய்த்துப் போடுபவை. தையலைத் தேடிப் பிரித்து, பஞ்சை அறை முழுக்கப் பரப்பிவிட்டுப் போய்ப் படுத்துவிடும்.

உண்மையில் நாம் பயப்பட வேண்டியது நான்காவது ரகத்துக்கு: பிய்த்ததை விழுங்குபவை. பிய்ப்பதும் விழுங்குவதும் ஒன்றல்ல. உங்கள் நாய் பிய்த்துப் போட்ட துண்டுகளை ஒரு தடவை தரையில் பரப்பி, புதிர்ப்படம் சேர்ப்பது போல ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பொம்மை முழுதாக வந்துவிட்டால் அது வெறுமனே பிய்க்கிறது. நடுவில் ஓட்டை விழுந்தால் அந்தத் துண்டு வயிற்றில் இருக்கிறது. மலத்தில் நூலோ ரப்பர் துணுக்கோ வருகிறதா என்றும் பாருங்கள். விழுங்கும் நாய்க்குத் துணி, பஞ்சு, கயிறு எதையும் தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

படி 2: அளவு

சிறிய பொம்மை வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நாய் வாயை முழுதாகத் திறந்து பொம்மையைக் கவ்வும்போது, அது கோரைப்பற்களைத் தாண்டி முழுதாக உள்ளே போய்விடக் கூடாது. ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டியாக இருந்தபோது வாங்கிய பந்து ஆறு மாதம் கழித்து அதே நாய்க்குத் தொண்டையை அடைக்கும் அளவாகிவிடும். அதனால் குட்டி வளர வளரப் பழைய பொம்மைகளை எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

பந்து விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். எச்சில் பட்டால் பந்து வழுக்கும். உருண்டையாக இருப்பதால் தொண்டையில் போய் உட்கார்ந்தால் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் மூச்சை அடைத்துவிடும். டென்னிஸ் பந்தைப் பெரிய நாய் அழுத்திக் கடித்தால் அது நசுங்கி உள்ளே போய், பிறகு விரிந்துகொள்ளும். அதன் மேலே இருக்கும் முரட்டு இழையில் மண் ஒட்டிக்கொண்டால், உப்புத்தாள் போலப் பல்லைத் தேய்க்கும். எறிந்து எடுத்து வரச் சொல்லி விளையாட டென்னிஸ் பந்து சரி. ஆட்டம் முடிந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள், கடிக்க விடாதீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து, உள்ளே வெற்றிடமாக இருந்து ஒரே ஒரு துளை மட்டும் உள்ள பந்து. நாய் துளைக்குள் நாக்கை விட்டு நக்கும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, நாக்கு உறிஞ்சியில் மாட்டியது போல மாட்டிக்கொள்ளும். இழுக்க இழுக்க வீங்கும். நாக்கையே இழந்த நாய்கள் உண்டு. உணவு அடைக்கும் பொம்மை எதுவானாலும் இரண்டு பக்கமும் துளை இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

வீட்டில் பெரிய நாய், சின்ன நாய், பூனை மூன்றும் இருந்தால் பெரிய நாயின் வாயே எல்லாப் பொம்மைகளுக்கும் அளவுகோல். பூனையின் சின்னப் பந்து பெரிய நாய்க்கு ஒரு மாத்திரை மாதிரி.

படி 3: எவ்வளவு கடினமாக இருக்கலாம்

நாயின் பல்லைப் பார்த்தால் எதையும் உடைக்கும் போலத் தெரியும். ஆனால் அதன் எனாமல் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான். மனிதப் பல்லில் அது 2.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். போதாததற்கு நாயின் தாடை நம்முடையது போலப் பக்கவாட்டில் அசைந்து அரைக்காது. கத்தரிக்கோல் மாதிரி மேலும் கீழும் மட்டும் வெட்டும். அந்த முழு அழுத்தமும் போய் விழும் இடம், மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல். மணிக்கு உடைந்ததும் அதே பல்தான். கடினமான பொருளைக் கடித்து உடையும்போது அதன் வெளிப்பக்கம் பலகை பலகையாகப் பெயர்ந்து வரும். நாய் முனகாது, சாப்பிடுவதையும் நிறுத்தாது. வலியை மறைத்துக்கொண்டு மறுபக்கத்தால் மென்றுவிட்டுப் போகும். நான் கவனிப்பதற்கு எத்தனை நாள் முன்பே உடைந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

கடினத்தைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கட்டைவிரல் நகத்தைப் பொம்மையில் அழுத்துங்கள். நகத்தின் தடம் லேசாகப் பதிய வேண்டும், அல்லது அந்த இடம் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். இதிலும் சந்தேகம் இருந்தால் கால்நடைப் பல் மருத்துவர்கள் சொல்லும் ஒரு வழி இருக்கிறது: அந்தப் பொருளால் உங்கள் முழங்கால் சில்லில் தட்டிக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள். நினைத்ததுமே வலித்தால் அது நாயின் பல்லுக்கும் ஆகாது.

இந்தச் சோதனையில் தோற்பவை: மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, மாட்டுக் கொம்பு, கனத்த எலும்பு, கல் மாதிரி இருக்கும் நைலான், ஐஸ்கட்டி. நைலானில் வளையும் ரகமும் உண்டு, வளையாத ரகமும் உண்டு. பெயரைப் பார்க்காமல் நகத்தை வைத்துப் பாருங்கள். பல் முளைக்கும் குட்டிக்குக் குளிர்ச்சி இதமாக இருக்கும் என்பது உண்மைதான். அதற்காக ரப்பர் பொம்மையை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்துக் கொடுத்தால் போதும். ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்க வேண்டாம்.

எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெந்த எலும்பு காய்ந்து ஊசி ஊசியாகப் பிளக்கும். வாயிலிருந்து குடல் வரை எங்கு வேண்டுமானாலும் குத்தும். கடையில் பாக்கெட்டில் வரும் பதப்படுத்திய எலும்பும் இதில் சேர்த்திதான். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இவற்றைப் பற்றி எச்சரித்தபோது, தனக்கு வந்த சுமார் 68 புகார்களில் ஏறத்தாழ 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாகவும், 15 நாய்கள் இறந்ததாகவும் சொன்னது. பச்சை எலும்பு அவ்வளவாகப் பிளக்காது. ஆனால் பல்லை உடைக்கும், சால்மோனெல்லா போன்ற கிருமிகளையும் வீட்டுக்குள் கொண்டுவரும். நாய்க்கு எலும்பு என்பது நம் மனதில் ஊறிப்போன படம். அதை விடக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனாலும் விட்டுவிடுங்கள்.

படி 4: எதனால் செய்தது, எப்படி மணக்கிறது

குழந்தைகளின் பொம்மைக்குப் பல நாடுகளில் கட்டாயப் பாதுகாப்புத் தரம் உண்டு. செல்லப்பிராணிகளின் பொம்மைக்குப் பெரும்பாலான இடங்களில் அப்படி எதுவும் கிடையாது. அதனால் அட்டையில் இருக்கும் "நச்சு இல்லாதது" என்ற வரியை மட்டும் நம்பிவிடக் கூடாது. எந்தப் பொருளால் செய்தது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இயற்கை ரப்பர் என்றோ, உணவுப் பொருள் வைக்கத் தகுந்த சிலிக்கோன் என்றோ தெளிவாகச் சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

பிவிசி என்ற வினைல் பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. அதை மெதுவாக்கத் தாலேட் வகை ரசாயனங்களைச் சேர்ப்பார்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகிப் பிணைந்து நிற்பதில்லை. எச்சிலில் ஊறி, பல்லில் நசுங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். உறையைப் பிரித்ததும் மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நாற்றம் வந்தால் எனக்கு வேறு சோதனை தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடுவேன். நம்மை விடப் பல மடங்கு மோப்பசக்தி உள்ள ஒரு பிராணி அதை மணிக்கணக்கில் வாயில் வைத்திருக்கப்போகிறது.

சாயத்தைச் சோதிக்க வெள்ளைத் துணியை நனைத்துப் பொம்மையை அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் வேண்டாம். மேலே பெயின்ட் அடித்த மரப்பொம்மையும் வேண்டாம். பெயின்ட் செதில் செதிலாக உதிரும், அதில் ஈயம் இருக்கவும் வாய்ப்புண்டு.

மாட்டுத்தோலை முறுக்கி எலும்பு வடிவில் செய்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். நாய்களுக்கு அது உயிர். ஆனால் ஊறியதும் வழவழவென்று ஆகி, பெரிய துண்டாகக் கழன்று தொண்டையில் மாட்டும். விழுங்கினால் வயிற்றில் இன்னும் உப்பும். அவசரமாகச் சாப்பிடும் நாய்க்கு நான் அதைச் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

பல் சுத்தத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அட்டையில் வி.ஓ.எச்.சி. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1997-இல் தொடங்கிய, கால்நடைகளின் வாய்நலத்துக்கான மன்றம் அது. பல்லில் படியும் அழுக்கையோ காரையையோ அந்தப் பொருள் குறைக்கிறது என்று சோதனையில் காட்டியவர்களுக்கே முத்திரை கிடைக்கும். அதற்காக உங்கள் நாய் அதை விழுங்காது என்று அந்த முத்திரை உத்தரவாதம் தரவில்லை. அளவும் கடிக்கும் விதமும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படி 5: நாய் பிய்ப்பதற்கு முன் நீங்கள் பிய்த்துப் பாருங்கள்

பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், மணி, ரிப்பன் ஒவ்வொன்றையும் விரலால் பிடித்து நன்றாக இழுங்கள். உங்கள் விரலுக்கே வந்துவிட்டால் பல்லுக்கு வர ஒரு நிமிடம் போதும். நூலால் பின்னிய கண்ணும் மூக்கும் இருந்தால் நல்லது. தையலைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சுக்குப் பதில் பிளாஸ்டிக் மணிகளோ தெர்மாகோல் உருண்டைகளோ இருந்தால் ஒதுக்குங்கள்.

கீச்கீச் என்று கத்தும் பொம்மைக்குள் சின்ன பிளாஸ்டிக் விசில் இருக்கும். அந்தச் சத்தம் நாயின் வேட்டைப் புத்தியைத் தூண்டும். சத்தம் நிற்கும் வரை அது ஓயாது. அதனால் அந்த வகைப் பொம்மையை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

தானாக ஓடும், மின்னும் பொம்மைகளில் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் ஓரிரு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்க வேண்டும். வெறுமனே நகத்தால் நெம்பித் திறக்கும் மூடி கூடாது. காந்தம் வைத்த பொம்மை எதுவும் வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கிய குடலை ஓட்டையாக்கிவிடும்.

பூனைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை

நாய்க்குச் சொன்னதை எல்லாம் சின்ன அளவில் பூனைக்குச் சொன்னால் போதும் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. நாய் விஷயத்தில் பயம் கடினமான பொருளுக்கு என்றால், பூனை விஷயத்தில் பயம் நூலுக்கு.

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத்தாள் போல இருக்கும். அதில் இருக்கும் கொக்கி போன்ற முட்கள் எல்லாம் தொண்டையை நோக்கி வளைந்திருக்கும். அதில் ஒரு நூல் மாட்டினால் பூனையால் எளிதில் துப்ப முடியாது. உள்ளே உள்ளேதான் போகும். எங்கள் மீனு ஒரு மாலை வாயோரம் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தாள். உதட்டிலிருந்து நாலு விரல் நீளத்துக்குச் சிவப்பு நூல் தொங்கியது. பஞ்சு எலியின் வால். கை தானாக அதை இழுக்கப் போனது. நல்லவேளை, அதற்குள் மருத்துவருக்குப் போன் போட்டேன். "தொடாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்" என்றார். மறுமுனை நாக்கின் அடியில் சுற்றி, தொண்டை வழியாக வயிற்றுக்குள் போயிருந்தது.

இழுத்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொன்னபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. நூலின் ஒரு முனை நாக்கடியிலோ, இரைப்பையின் வாசலிலோ மாட்டிக்கொள்ளும். மீதி நூலைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நூல் நகராது. அதனால் சுருக்குப்பையின் நாடாவை இழுத்தால் பை சுருங்குவது போலக் குடல் நூலைச் சுற்றி மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். இறுகிய நூல் ரம்பம் போலக் குடல் சுவரை அறுக்கும். வாயில் தொங்கினாலும் மலவாயில் தொங்கினாலும் நூலை இழுக்கக் கூடாது. மீனு சீக்கிரம் கவனிக்கப்பட்டதால் மயக்க மருந்தோடு தப்பித்தாள்.

ஆகவே பூனை தனியாக இருக்கும் அறையில் நூல், நூல்கண்டு, ரிப்பன், ரப்பர் பேண்ட், தலைமுடி கட்டும் பேண்ட், பளபளக்கும் அலங்காரச் சரிகை எதுவும் வெளியே இருக்கக் கூடாது. தையல் நூலோடு ஊசியும் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம். குச்சியில் இறகு கட்டிய பொம்மை பூனைக்கு அருமையான விளையாட்டு. நீங்கள் குச்சியைப் பிடித்திருக்கும் வரை மட்டும். ஆடி முடித்ததும் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். பஞ்சு எலி வாங்கினால் வாலையும் மீசையையும் முதலிலேயே வெட்டிவிடுங்கள். அழகு கொஞ்சம் போகும், பரவாயில்லை.

பூனைக்குக் கடிக்கவும் ஆசை உண்டு, அதுவும் பல் முளைக்கும் வயதில் ஒயரைக் கடிக்கும் அளவுக்கு. ஒயரை மூடி வையுங்கள். பதிலுக்கு மெல்லிய, அமுங்கும் ரப்பர், இறுக நெய்த துணி, வலை போன்ற மேற்பரப்பு உள்ள பொம்மை கொடுங்கள். நாய்க்கான தடித்த ரப்பர் பூனைக்கு வெறும் கட்டைதான்.

கேட்னிப் என்ற செடி வைத்த பொம்மைகள் எல்லாப் பூனையையும் இழுக்காது. அது பரம்பரையாக வரும் குணம். மூன்றில் ஒரு பங்கு பூனைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. சில மாதக் குட்டிகளுக்கும் அது உறைக்காது. கேட்னிப்பைக் கண்டுகொள்ளாத பூனைக்குச் சில்வர் வைன் கொடியின் குச்சியைக் கொடுத்துப் பார்க்கலாம். 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பார்த்த 100 பூனைகளில் ஏறத்தாழ 80 அதற்கு மயங்கின. குச்சியைக் கடித்துக் கடித்து நார் நாராக்கிய பிறகு, மீதி சின்னத் துண்டை எடுத்துவிடுங்கள்.

சயாமீஸ், பர்மீஸ் இனப் பூனைகளில் சில கம்பளியையும் துணியையும் சப்பித் தின்னும். அது விளையாட்டல்ல, மருத்துவரிடம் பேச வேண்டிய பழக்கம்.

உள்ளே என்ன வைக்கிறீர்கள்?

உணவு அடைக்கும் ரப்பர் பொம்மை நாய்க்கு நான் கண்ட மிகச் சிறந்த பொம்மை. அதில் வைக்கும் உணவைத்தான் கவனிக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கினால் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கும், கல்லீரலையும் கெடுக்கும். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, மக்கடாமியா கொட்டை இவையும் கூடாது. அன்றாடம் கொடுக்கும் உணவையே கொஞ்சம் ஊறவைத்து அடைத்தாலே போதும். அந்த அளவைச் சாப்பாட்டிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் முறை கொடுக்கும்போது

புதுப் பொம்மையைக் கழுவி, காய வைத்து, நாய் ஓரளவு களைத்திருக்கும் நேரத்தில் கொடுங்கள். முதல் இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்காருங்கள். போன் பார்த்துக்கொண்டு அல்ல, பொம்மையைப் பார்த்துக்கொண்டு. எந்த இடத்தில் கடிக்கிறது, பல் எங்கே பதிகிறது, துணுக்கு எதுவும் வருகிறதா? இந்த இருபது நிமிடம் சொல்வதை எந்த அட்டையும் சொல்லாது. இப்படி நாலைந்து தடவை பார்த்து நம்பிக்கை வந்த பிறகே தனியாக விட வேண்டும்.

"விடு" என்ற கட்டளையை இப்போதே பழக்குங்கள். வாயில் பொம்மை இருக்கும்போது மூக்குக்கு அருகில் நல்ல தின்பண்டத்தைக் காட்டுங்கள். வாயைத் திறந்ததும் "விடு" என்று சொல்லி, தின்பண்டத்தைக் கொடுத்து, பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விட்டால் நஷ்டமில்லை என்று அதற்குப் புரிய வேண்டும். துரத்திப் பிடித்துப் பிடுங்கினால், அடுத்த தடவை அவசர அவசரமாக விழுங்கிவிடும்.

பழைய செருப்பையும் கிழிந்த சாக்ஸையும் பொம்மையாகக் கொடுப்பவர்கள் உண்டு. எது பழசு, எது புதுசு என்று நாய்க்கு எப்படித் தெரியும்? சாக்ஸ், குடல் அடைப்பு அறுவைகளில் அடிக்கடி வெளியே வரும் பொருள்களில் ஒன்று. முறுக்குக் கயிறு, இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து விளையாட மட்டும். தனியாகக் கொடுத்தால் இழை இழையாகப் பிரித்து விழுங்கும். பிறகு பூனைக்குச் சொன்ன அதே நூல் கதைதான்.

படி 7: எப்போது தூக்கிப்போட வேண்டும்

எந்தப் பொம்மையும் நிரந்தரமல்ல. வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டு, பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கழுவும் கை தானாகச் சோதித்துவிடும். ரப்பரை வளைத்தால் விரிசல் வாய் திறக்கிறதா, விரல்நுனி அளவுக்குத் துண்டு காணாமல் போயிருக்கிறதா, நைலான் முனை பிரஷ் மாதிரி சிலும்பி நிற்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, பிசுபிசுப்பு போகவே இல்லையா? ஒன்று இருந்தாலும் குப்பையில் போடுங்கள். கடித்து முடிக்கும் வகைப் பண்டங்கள் வாய்க்குள் முழுதாகப் போகும் அளவுக்குக் குறைந்ததும் வாங்கிவிடுங்கள். கடைசித் துண்டைத்தான் நாய்கள் விழுங்கி மாட்டிக்கொள்கின்றன.

நாலைந்து பொம்மைகளை வெளியே வைத்து மற்றவற்றை எடுத்து வையுங்கள். வாரம் ஒரு முறை மாற்றுங்கள். பழைய பொம்மையே புதிதாகத் தெரியும். வயதான நாய்க்குப் பல்லும் ஈறும் தளர்ந்திருக்கும். அதற்குக் குட்டிகளுக்கான மெல்லிய ரப்பர் கொடுங்கள்.

ஏதாவது விழுங்கிவிட்டால்

நாய் இருமினால் காற்று போகிறது என்று பொருள். இரும விடுங்கள், உடனே மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். சத்தமே வராமல் வாயைக் காலால் பிறாண்டி, ஈறு நீலமாக மாறினால் மூச்சு அடைத்துவிட்டது. வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்து, பிடிக்க முடிந்தால் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். பந்து மாட்டியிருந்தால் வெளியே, தாடைக்குக் கீழே தொண்டையில் பந்து தட்டுப்படும் இடத்துக்குப் பின்னால் இரு கட்டைவிரலையும் வைத்து, வாயை நோக்கி மேலும் முன்னுமாகத் தள்ளுங்கள். அதற்கும் வராவிட்டால், பெரிய நாயின் பின்னால் நின்று வயிற்றைச் சுற்றிக் கைபோட்டு, கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முஷ்டியை வைத்து மேலும் முன்னுமாக வெடுக்கென்று அழுத்துங்கள், ஐந்து தடவை வரை. வெளியே வந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே காயம் இருக்கலாம்.

மூச்சு சரியாக இருந்தும் ஒரு துண்டு உள்ளே போய்விட்டது என்றால், உப்புக்கரைசல் கொடுத்து நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பே நஞ்சாகும், கூர்மையான துண்டு வரும் வழியில் மறுபடியும் கிழிக்கும். விழுங்கி எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார். சீக்கிரம் போனால் அறுவை இல்லாமலே எடுக்க வழி இருக்கும். விழுங்கியதை நீங்கள் பார்க்காவிட்டாலும், திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பது, மலம் போகாமல் இருப்பது, வயிற்றைத் தொட்டால் சுருங்கிக்கொள்வது, பூனை மூலையில் ஒளிந்துகொள்வது, இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கிளம்பும்போது மிச்சமுள்ள பொம்மையை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ரப்பரும் துணியும் எக்ஸ்ரேயில் பல நேரம் தெளிவாகத் தெரியாது. எவ்வளவு குறைகிறது, என்ன வடிவம், எந்தப் பொருள் என்பதை அந்த மிச்சத் துண்டை வைத்துத்தான் மருத்துவர் கணக்குப் போடுவார்.